காய்ச்சல் போய்விட்டது, இருமல் போகவில்லை: தொட்டிலுக்குப் போகலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். என் மகளுக்கு ஆறு வயது. போன ஞாயிற்றுக்கிழமை காலை மூக்கு ஒழுக ஆரம்பித்தது, ராத்திரி 102 டிகிரி காய்ச்சல். வைரல் ஃபீவர்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று சிரப் கொடுத்தார்கள். செவ்வாய் இரவோடு காய்ச்சல் நின்றுவிட்டது. இருமல் மட்டும் விடவே இல்லை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கு அனுப்பினேன், மற்ற பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று மிஸ் திருப்பி அனுப்பிவிட்டார். என் கணவருக்குப் புதன் இரவு உடம்புவலி, காய்ச்சல். டோலோ போட்டுக்கொண்டு மறுநாளே கடையைத் திறக்கப் போய்விட்டார். மாமியாருக்கு 71 வயது, இளைப்பு உண்டு, இன்ஹேலர் எடுக்கிறார். மகள் அவர் கூடத்தான் படுப்பாள். வருகிற புதன்கிழமை என் தங்கை குழந்தைக்கு முப்பதாம் நாள், தொட்டில் போடுகிறார்கள். இருமலோடு மகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா? எத்தனை நாளைக்கு ஒட்டும்? ஒருவர் மூன்று நாள் என்கிறார், இன்னொருவர் பதினான்கு நாள் என்கிறார். எனக்கு ஒன்றும் இல்லை. நேற்று இரவிலிருந்து தொண்டை லேசாகக் கரகரக்கிறது, அவ்வளவுதான். (பெயரும் ஊரும் போட வேண்டாம்.)

பதில்:

விழா புதன்கிழமை என்று எழுதியிருந்ததால், கடிதம் வந்த சனிக்கிழமையே உங்களுக்குத் தனியாக நாலு வரியில் பதில் அனுப்பிவிட்டேன். இதே கேள்வியோடு வாரத்துக்குப் பத்துப் பேராவது வருகிறார்கள், அதனால் அந்த நாலு வரிக்கான காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் முழுக்க மகளின் இருமலைப் பற்றித்தான். எனக்குப் பென்சிலால் கோடு போடத் தோன்றியது கடைசி வரிக்கு அடியில். உங்கள் வீட்டில் நாலு பேர் இருக்கிறீர்கள். அந்தப் புதன்கிழமை தொட்டில் பக்கத்தில் யார் நிற்கக்கூடாது என்று என்னைக் கேட்டால், இருமிக்கொண்டிருக்கும் மகளைக் காட்டிலும் முதலில் உங்களைத்தான் சொல்வேன்.

ஏன் என்று பார்ப்போம். சளி, ஃப்ளூ, கொரோனா எதுவானாலும் வைரஸ் மூக்கிலும் தொண்டையிலும் உள்ள செல்லுக்குள் புகுந்து பெருகுகிறது. ஒரு செல்லிலிருந்து ஆயிரக்கணக்கில் வெளியே வரும், அவை பக்கத்துச் செல்களில் நுழையும். இது மணிக்கணக்கில் நடக்கிற வேலை. நம் உடம்பு அதைக் கண்டுபிடித்து ஆள் திரட்டி வருவதற்குள் ஒன்றிரண்டு நாள் ஆகிவிடுகிறது. நாம் ‘நோய்’ என்று சொல்லும் காய்ச்சல், உடம்புவலி, மூக்கொழுகல் எல்லாமே பெரும்பாலும் அந்த எதிர்ப்பின் சத்தம். சத்தம் கேட்க ஆரம்பிக்கும்போது வைரஸின் எண்ணிக்கை ஏற்கெனவே உச்சத்தை நெருங்கியிருக்கும். ஆகவே ஒட்டும் காலம் முன்பக்கம் கனத்தது. முதல் மூன்று நாலு நாள்தான் மூட்டை, அப்புறம் வருவது வால்.

நாம் செய்வதோ தலைகீழ். முதல் நாள் தொண்டை கரகரத்தால், ஐஸ் வாட்டர் குடித்தேன், தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஏதாவது காரணம் சொல்லிவிட்டு ஊரெல்லாம் சுற்றுகிறோம். பத்தாம் நாள் ஒருவர் பஸ்ஸில் இருமினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

இதில் நானும் சேர்த்திதான். சில வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை எனக்குத் தொண்டையில் ஏதோ முள் மாதிரி. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு மதியம் வரை நோயாளிகளைப் பார்த்தேன். மாஸ்க் போடவில்லை, மேஜை டிராயரில் பெட்டி நிறைய இருந்தும்! சாயங்காலம் குளிர் எடுத்தது. வியாழக்கிழமை என் கிளினிக்கின் நர்ஸ் வரவில்லை. வெள்ளிக்கிழமை மருந்து எடுத்துக் கொடுப்பவரும் வரவில்லை. யார் யாருக்குக் கொடுத்தேன் என்று நோயாளிகள் பட்டியலைத் திறந்து பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

இந்த லேசான கரகரப்புக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2021இல் லண்டனில் ஒரு சோதனை நடந்தது. 18 முதல் 29 வயதுக்குள் இருந்த, முழு ஆரோக்கியமான 36 பேர் தாங்களாகவே முன்வந்தார்கள். அவர்கள் மூக்கில் கொரோனா வைரஸை மிகச் சிறிய அளவில் சொட்டாக விட்டு, தனி அறைகளில் வைத்துத் தினமும் பரிசோதித்தார்கள். பாதிப்பேருக்கு, அதாவது 18 பேருக்கு, தொற்று வந்தது. சுமார் இரண்டு நாளுக்குள் தொண்டையில் வைரஸ் தெரிந்துவிட்டது. மூக்கில் வைரஸின் அளவு அதைவிட அதிகம். சொட்டு விட்ட நாளிலிருந்து சராசரியாகப் பத்து நாள் வரை மூக்கிலிருந்து உயிருள்ள வைரஸை எடுக்க முடிந்தது. அவர்கள் அறைக் காற்றிலும் வைரஸ் எவ்வளவு கலக்கிறது என்று அளந்தார்கள். காற்றில் கலந்த மொத்த வைரஸில் 86 சதவீதம் வெறும் இரண்டு பேரிடமிருந்து வந்தது! முதல் அறிகுறி என்று அவர்கள் எழுதிக் கொடுப்பதற்கு முன் வெளிவந்தது 7 சதவீதம்தான்.

அந்த 7 சதவீதத்தை நான் நல்ல செய்தியாகத்தான் பார்க்கிறேன். அறிகுறிக்கு முன்னாலேயே பரவுவது உண்மைதான். ஃப்ளூ ஒரு நாள் முன்பே ஒட்டும், கொரோனா ஒன்றிரண்டு நாள் முன்பே ஒட்டும். தெரியாத நாளுக்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் முதல் கரகரப்பை மதித்து அந்த நிமிடமே ஒதுங்கினால் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம் என்றுதான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும். அதே சமயம் நோயாளி எவ்வளவு வாடியிருக்கிறார் என்பதற்கும் அவர் மூக்கில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்பதற்கும் அந்த இளைஞர்களிடம் சம்பந்தமே காணப்படவில்லை. ‘எனக்கு லேசாகத்தானே இருக்கிறது’ என்பது உங்களுக்கு ஆறுதல், எதிரில் இருப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

சரி, எத்தனை நாள்? மூன்று நாள் என்பவரும் பதினான்கு நாள் என்பவரும் முழுப் பொய் சொல்லவில்லை. ஒருவர் உச்சத்தைச் சொல்கிறார், இன்னொருவர் 2020இல் கேட்டதை மறக்காமல் சொல்கிறார். எண்ணும்போது கரகரப்போ மூக்கொழுகலோ தொடங்கிய நாளைப் பூஜ்யமாக வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் அடித்த நாளிலிருந்து எண்ணக்கூடாது, மாத்திரை ஆரம்பித்த நாளிலிருந்தும் எண்ணக்கூடாது. ஃப்ளூவில் அங்கிருந்து ஐந்து முதல் ஏழு நாள் வரை ஒட்டும், முதல் மூன்று நாலு நாள் மிக அதிகம். கொரோனாவில் பெரும்பாலோருக்கு எட்டு முதல் பத்து நாளுக்குள் முடிந்துவிடும். சாதாரண ஜலதோஷம் முதல் இரண்டு மூன்று நாள் வேகமாகப் பரவும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு வாரம் வரைகூட மூக்கில் தங்கியிருக்கும். ஆர்எஸ்வி என்று ஒரு வைரஸ் உண்டு. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் வெறும் சளி. மூன்று முதல் எட்டு நாள் ஒட்டும். கைக்குழந்தைகளும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் அதை நாலு வாரம் வரைகூட வெளியே விடுவார்கள். பொதுவாகவே சின்னப் பிள்ளைகள், கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், நாள்பட ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு இந்தக் கணக்கை நீட்டிக்கொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டில் வந்தது எது என்று ஸ்வாப் எடுக்காமல் சொல்ல முடியாது. திடீர்க் காய்ச்சல், மூன்று நாள் கழித்து அடுத்தவருக்கு என்று வந்திருப்பதைப் பார்த்தால் ஃப்ளூவாக இருக்க வாய்ப்பு அதிகம். எதுவானாலும் வீட்டில் கடைப்பிடிக்க ஒரே விதி போதும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024 மார்ச்சில் கொரோனா, ஃப்ளூ, ஆர்எஸ்வி மூன்றுக்கும் சேர்த்து ஒரே வழிமுறை சொன்னது. நானும் அதைத்தான் சொல்கிறேன். மருந்து இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும், மொத்தத்தில் உடம்பு தேறிக்கொண்டு வர வேண்டும். அதுவரை வீட்டில். அதற்குப் பிறகு ஐந்து நாள் வெளியே போகலாம், ஆனால் மாஸ்க், ஜன்னல் திறந்த இடம், முதியவர் கைக்குழந்தை பக்கம் போகாமை என்று கவனமாக இருக்க வேண்டும்.

இதில் ‘மருந்து இல்லாமல்’ என்ற சொல்லைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். காலை ஏழரைக்குப் பிள்ளைக்குப் பாராசிட்டமால் சிரப். எட்டே முக்காலுக்குத் தொட்டுப் பார்த்தால் நெற்றி ஜில்லென்று இருக்கிறது, பிள்ளை யூனிஃபார்மில் சிரிக்கிறது, வேனில் ஏற்றிவிடுகிறோம். அந்த மருந்துக்கு நாலு முதல் ஆறு மணி நேரம்தான் ஆயுள். பன்னிரண்டு மணிக்கு மிஸ் போன் செய்கிறார், ‘உங்க பொண்ணு டெஸ்க்ல தலை வச்சுப் படுத்திருக்கா, உடம்பு கொதிக்குது.’ இடைப்பட்ட மூன்று மணி நேரம் அவள் பக்கத்துப் பெஞ்சுக்காரியோடு பென்சிலையும் மூச்சையும் பகிர்ந்துகொண்டிருந்தாள். பாராசிட்டமால் காய்ச்சலை இறக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது. உங்கள் கணவர் வியாழக்கிழமை கடையில் நின்றதும் இதே கதைதான். அவரிடம் என் பெயரைச் சொல்லியே திட்டலாம்.

இப்போது அந்த இருமல். வைரஸ் போகும்போது மூச்சுக்குழாயின் உள்தோலைக் கிழித்துவிட்டுப் போகிறது. சளியைத் தள்ளும் நுண்ணிய முடிகள் உதிர்ந்திருக்கும். அவை முளைத்து வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அடியில் இருக்கும் நரம்பு லேசாகத் தொட்டாலே கூசும். சிரித்தால் இருமல், ஓடினால் இருமல், ஃபேன் காற்று நேரே பட்டால் இருமல், படுத்தால் இருமல். காய்ச்சல் விட்டும், பசி வந்தும், விளையாடிக்கொண்டும் இருக்கிற பிள்ளையின் இப்படிப்பட்ட இருமல் புண் ஆறும் இருமல். 2013இல் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இருமல் எத்தனை நாளில் போக வேண்டும் என்று மக்களைக் கேட்டபோது ஒரு வாரம், ஒன்பது நாள் என்றார்களாம். பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் உண்மையான சராசரி கிட்டத்தட்ட 18 நாள். அந்த இடைவெளியில்தான் தேவையில்லாத ஆன்டிபயாடிக் எல்லாம் விற்பனையாகிறது. சளி மஞ்சளாக, பச்சையாக வந்தாலும் அதனாலேயே ஆன்டிபயாடிக் தேவை என்று ஆகாது. மூன்று நாள் அசித்ரோமைசின் போட்டால் மற்றவருக்கு ஒட்டாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், வைரஸுக்கும் அதற்கும் பகையே இல்லை.

பிசிஆர் பரிசோதனையும் இந்த விஷயத்தில் ஆளைக் குழப்பும். கொரோனா வந்து போய் ஒரு மாதம் கழித்தும் பாசிட்டிவ் என்று காட்டும், சிலருக்கு மூன்று மாதம் வரைகூட. தீபாவளிக்கு மறுநாள் தெருவெல்லாம் சிவப்புக் காகிதம் கிடப்பதைப் பார்த்து வெடி இன்னும் வெடிக்கிறது என்று சொல்வோமா? பிசிஆர் அந்தக் காகிதத்தையும், அதாவது செத்த வைரஸின் துண்டுகளையும், எண்ணிவிடும். ஒட்டுமா என்று தெரிய வீட்டிலேயே செய்யும் ஆன்டிஜன் கிட் அதைவிடப் பொருத்தம், கொரோனாவுக்கு மட்டும்.

ஒரு எச்சரிக்கையைத் தவிர்க்க முடியாது. நான் சொன்னதெல்லாம் நாளுக்கு நாள் குறையும் இருமலுக்கு. இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நீடித்தால், அதிலும் மாலைக் காய்ச்சல், எடை குறைதல் இருந்தால், காசநோய்க்காகச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மூச்சு விடாமல் தொடர்ந்து இருமி முடிவில் வாந்தி எடுக்கும் பிள்ளைக்குக் கக்குவான் இருமலாக இருக்கலாம், அது பாக்டீரியா, அதற்கு ஆன்டிபயாடிக் உண்டு, கணக்கும் வேறு.

தொட்டிலுக்கு வருவோம். புதன்கிழமை அன்று மகளுக்குப் பத்தாம் நாள், கணவருக்கு ஏழாம் நாள். உங்களுக்கு, வெள்ளி இரவு தொடங்கியதால், ஐந்தாம் நாள்தான். ஒரு கல்யாண மண்டபம் என்றால் மகளைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள் என்பேன். இது முப்பது நாள் சிசு. பெரியவருக்கு ஜலதோஷமாகத் தெரிகிற ஆர்எஸ்வி அந்த வயதில் நுரையீரலின் நுனிக் குழாய்களை அடைத்து ஆக்சிஜன் வைக்கும் அளவுக்குக் கொண்டுபோகும். குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். அந்த மூக்கு அடைத்தால் பால் குடிக்க முடியாது. பெரியவர்களிடம் அலட்சியப்படுத்தும் சின்ன வாய்ப்பை இந்த வயதில் அப்படி விட முடியாது.

நம் விழாக்களில் குழந்தையை எட்டி நின்று பார்க்கிற வழக்கமும் இல்லை. வருகிற ஒவ்வொரு அத்தையும் பெரியம்மாவும் இரண்டு கையாலும் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறிப்பார்கள். அந்தக் கை சற்று முன் எங்கே இருந்தது? இங்கிலாந்தில் சாலிஸ்பரி என்ற ஊருக்கு அருகே 1946இல் ஜலதோஷத்துக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கி, நாற்பது ஆண்டுக்கு மேல் நடத்தினார்கள். அங்கே ஒருவர் மூக்கோரம் மெல்லிய குழாய் வைத்து, சளி ஒழுகுவதுபோல ஒளிரும் சாயத்தைக் கசியவிட்டு, மற்றவர்களோடு சீட்டாட உட்கார வைத்தார்களாம். பிறகு புற ஊதா விளக்கைப் போட்டால் சீட்டுக்கட்டு, மேஜை, சாப்பாடு, மற்றவர்கள் முகம் எல்லாம் பளபளவென்று மின்னியிருக்கிறது. கைக்குட்டை வைத்திருந்தும் அப்படி. நெட்டி முறிக்கும் கைக்கு இந்த விளக்கை மனதுக்குள் போட்டுப் பாருங்கள்.

அதனால் நான் அனுப்பிய நாலு வரி இதுதான். நீங்கள் போக வேண்டாம். மகளும் வேண்டாம், பிள்ளைகளின் கணக்கு நீளம் என்பதால். கணவர் என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு சீரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, குழந்தை இருக்கும் அறைக்குள் போகாமல் வாசலோடு திரும்பலாம். பத்துப் பதினைந்து நாள் கழித்து மூன்று பேரும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் போய் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அக்காவே வரவில்லையே என்று பேச்சு வரும், தெரியும். தங்கைக்கு முன்கூட்டியே போன் செய்து காரணத்தைச் சொல்லிவிடுங்கள். பெற்றவள் புரிந்துகொள்வாள், பேசுவது பெரும்பாலும் மற்றவர்கள்தான்.

தங்கையிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே வீட்டில் மருந்து கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே மருத்துவமனை. காய்ச்சலே இல்லாமலும், பால் குடிக்கத் திணறினால், விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், நிமிடத்துக்கு அறுபதோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால், மூச்சு நின்று நின்று வந்தால் ராத்திரி எத்தனை மணியானாலும் கிளம்ப வேண்டும்.

மாமியாரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. எனக்கு அவரைப் பற்றியும் கவலை உண்டு. பேத்தி ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய ராத்திரியும் அவர் பக்கத்தில்தான் படுத்திருப்பாள், ஆகவே முன்கூட்டியே பிரித்து வைக்கும் வாய்ப்பு கைவிட்டுப் போயிற்று. ஃப்ளூ உள்ளே போய் அறிகுறி காட்ட ஒன்று முதல் நாலு நாள் ஆகும். அவர் இன்னும் நன்றாக இருக்கிறார் என்றால் பேத்தியிடமிருந்து தப்பியிருக்கலாம். இனி உங்களிடமிருந்தும் உங்கள் கணவரிடமிருந்தும் தப்ப வேண்டும். வேறு அறையில் படுக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும், நீங்கள் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது மாஸ்க் இருக்கட்டும். இன்ஹேலரை ஒரு வேளைகூட விட வேண்டாம். அவருக்குக் காய்ச்சலோ இளைப்போ தொடங்கினால் மூன்று நாள் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். ஃப்ளூவுக்கான ஆசல்டாமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் தரும். அவர் வயதுக்கும் இளைப்புக்கும் வருடா வருடம் ஃப்ளூ தடுப்பூசி போட வேண்டும். இந்த அமளி அடங்கியதும் அவருடைய டாக்டரிடம் அதைக் கேளுங்கள்.

பள்ளி மிஸ்ஸுக்கு ஒரு சீட்டு கேட்டிருந்தால் நான் எழுதித் தந்திருப்பேன். இதையே காட்டுங்கள்: ‘மாணவிக்கு மருந்து இல்லாமலே காய்ச்சல் விட்டு நாட்கள் ஆகிவிட்டன. திங்கட்கிழமை, எட்டாம் நாளில், வகுப்புக்கு வரலாம். இருமல் இன்னும் இரண்டு வாரம்கூட இருக்கலாம். ஜன்னலோர இடமாகக் கொடுங்கள், அந்த வாரம் மட்டும் தண்ணீர் பாட்டிலைப் பகிர விட வேண்டாம். முதல் நாள் மூக்கு ஒழுகிக்கொண்டு வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்புங்கள்.’